கவிஞர் வீதிகளும் ஒரு மரப்பட்டைத் தோணியும்

சரித்திரம் என்றால் அரசர் கதை என்றே நம்மிற் பலர் எண்ணிப் பழகிவிட்டோம். முடி சூடியது, படை நடத்தியது, கோட்டை கட்டியது, கட்டிய கோட்டையை இழந்தது ஆகியவற்றை ஆண்டு பிசகாமல் ஒப்புவிக்கும் மாணவன் சரித்திரம் வல்லவன் எனப்படுகிறான். ஏறக்குறைய இரண்டாயிரம் பேர் வாழும் நாட்டுப்புறச் சிற்றூர் ஒன்றுக்குச் சரித்திரம் உண்டோ என்று வகுப்பிலே கேட்டால் மாணவர் சிரிப்பர். ஆசிரியரும் உடன் சிரித்தல் கூடும். நானும் அப்படிச் சிரித்திருக்கக் கூடியவனே. அவுஸ்திரேலியாவிலே, ஓர் ஆற்றங்கரையிலே கழிந்த ஒரு பிற்பகற்பொழுது அந்தச் சிரிப்பை மாற்றிவிட்டது.

சிட்னி நகரத்திலே என் தங்கையின் மகன் வாழ்கிறான். கல்லூரி விடுமுறையில் அவனிடம் சென்றிருந்தேன். மெல்பேண் நகரத்தையும் காட்டவேண்டும் என்று காரிலே அழைத்துச் சென்றான். அந்தப் பெருவழிக்கு ஹியூம் நெடுஞ்சாலை என்று பெயர். நானூறு கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைந்த தூரம் கடந்ததும், "மாமா, பக்கத்திலே கண்டகாய் என்றோர் ஊர் இருக்கிறது. கொஞ்சம் இளைப்பாறிப் போகலாம். அந்த ஊருக்கு ஒரு நாய்ச்சிலையால் பெரிய பேர். இவ்வழியே போகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள்" என்றான்.

"நாயைப் பார்க்கவா தம்பி இத்தனை தூரம் வந்தோம்?" என்றேன்.

ஊரின் பெயர் ஏதோ ஒரு காயின் பெயர் போல என் காதில் விழுந்தது. அது அந்நாட்டு முதுகுடி மக்கள் வழங்கிய சொல்லின் வழிவந்தது. ஊருக்குள் நுழைந்து தெருப்பெயர்ப் பலகைகளைப் படித்தபோது நான் திகைத்து நின்றேன். ஷெரிடன் வீதி. ஹோமர் வீதி. வேர்ஜில் வீதி. ஓவிட் வீதி. பைரன் வீதி. ஊருக்கு மேலே நிற்கும் குன்றுக்குப் பெயர் பர்னாசஸ். கிரேக்கர் கலைத்தெய்வங்களின் உறைவிடமாகப் போற்றிய மலையின் பெயர். மந்தை மேய்க்கும் நாட்டுப்புறத்தில் மேனாட்டுக் கவிஞர் கூட்டம் ஒன்று தெருத் தெருவாகக் குடியிருக்கக் கண்டேன். இலக்கியம் கற்பித்தே வயிறு வளர்ப்பவனுக்கு இதைவிட வேறென்ன வரவேற்பு வேண்டும்?

ஷெரிடன் வீதியிலே நடந்தபோது வெண்கலச் சிலையொன்று எதிர்ப்பட்டது. நாயன்று. இரண்டு மனிதர், பழங்குடி ஆடவர், உடன் ஒரு சிறு தோணி.

"இவர்கள் யார் தம்பி?" என்று கேட்டேன்.

"தெரியாது மாமா. மூன்று முறை இவ்வழியே போயிருக்கிறேன். எனக்கு நாயைத்தான் தெரியும்" என்றான்.

அந்த விடை என்னை விடவில்லை. சிலையின் கீழ் எழுதியிருந்ததை அங்கே படித்தேன். எஞ்சியதைப் பின்பு நூல்களிலே தேடிப் படித்தேன். படித்தறிந்ததை இங்கே முறைப்படச் சொல்ல முயல்கின்றேன்.

கண்டகாய் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்திலே மரம்பிட்ஜி ஆற்றின் கரையில் உள்ள ஊர். விராட்ஜுரி என்னும் முதுகுடி மக்களின் மொழியில் மரம்பிட்ஜி என்பதற்குப் பெருநீர் என்று பொருள் கூறுவர். பெயரிட்டவர் அறியாமல் இட்டாரல்லர். பனிபடியும் உயர்ந்த மலைகளிலே பிறந்து வரும் ஆறு அது. தியூமட் என்னும் மற்றோர் ஆறும் அம்மலைப்பக்கத்து நீரையெல்லாம் திரட்டிக்கொண்டு வந்து, கண்டகாய்க்குச் சற்று மேலே மரம்பிட்ஜியுடன் கலக்கிறது. இரண்டும் ஒருங்கே பெருகினால் கீழேயுள்ள தாழ்நிலம் என்னாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கோடையில் அந்நிலம் பசும்புல் விரித்த விளையாட்டுத் திடல் போலக் கிடக்கும். ஆறு பெருகும்போது அதுவே ஆறு.

விராட்ஜுரி மக்கள் எண்ணற்ற தலைமுறைகளாக அந்நிலத்தில் வாழ்ந்தவர்கள். ஆற்றின் குணத்தை அறிந்து மேட்டிலே தங்கியும், வேண்டும்போது தாழ்விலே இறங்கியும் வாழ்ந்தார்கள். அவர்கள் வாழ்விலே வெள்ளைக் குடியேற்றம் புகுந்த விதம் இனிமையானதன்று. 1824ஆம் ஆண்டிலே, வடக்கேயுள்ள பாதர்ஸ்ட் பகுதியில் விராட்ஜுரி மக்களுக்கும் குடியேறியோருக்கும் மூண்ட போரிலே, ஆளுநர் இராணுவச் சட்டமே பிறப்பித்தார். சார்ள்ஸ் ஸ்டேட் என்னும் பிரயாணி 1829ஆம் ஆண்டின் இறுதியிலே மரம்பிட்ஜி ஆற்றைத் தொடர்ந்து சென்றபோது, இப்பக்கத்திலே மேய்ச்சற் பண்ணைகள் தோன்றியிருந்தன. நிலம் எவருக்கும் உரியதன்று என்ற எண்ணத்தின்மேல் அவை எழுந்தன. அவ்வெண்ணம் தவறானது என்று அந்நாட்டு உயர்நீதிமன்றம் தீர்ப்புக் கூறியது 1992ஆம் ஆண்டிலே, மாபோ வழக்கிலேதான்.

கண்டகாய் 1838ஆம் ஆண்டிலே அரசாங்க அறிவித்தலின்படி ஊராயிற்று. எங்கே? மரம்பிட்ஜி ஆற்றுக்கும் மோர்லி ஓடைக்கும் இடைப்பட்ட தாழ்நிலத்திலே. ஒரு பக்கம் ஆறு, மறு பக்கம் ஓடை. இரண்டுக்கும் நடுவே தெருக்கள், கடைகள், விடுதிகள், வீடுகள்.

இதை வாசிக்கின்ற நேயர், "அத்தனை அறிவீனரா அவர்கள்?" என்று வினவுதல் கூடும். முழுவதும் அறிவீனமன்று. சிட்னியிலிருந்து தெற்கே மெல்பேண் பக்கம் செல்லும் வழி அந்த இடத்திலேதான் ஆற்றைக் கடந்தது. பாலம் இல்லாத காலம். நம் நாட்டிலே களப்புகளைக் கடக்கப் பாதை என்று ஒரு மிதவையை வைத்திருந்தோமே, அத்தகைய மிதவையிலேதான் வண்டியும் மாடும் அக்கரை சேரவேண்டும். ஆற்றைக் கடக்க வந்தவன் கரையிலே காத்திருப்பான். காத்திருப்பவனுக்கு உணவு வேண்டும். மாட்டுக்குப் புல் வேண்டும். உடைந்த வண்டிக்குக் கொல்லன் வேண்டும். எனவே துறையை ஒட்டிக் கடை பிறந்தது. கடையை ஒட்டி ஊர் பிறந்தது. 1851ஆம் ஆண்டிலே பொன் கண்டெடுத்த செய்தி பரவியதும் அவ்வழியே ஆள்நடமாட்டம் பெருகிற்று. இலாபம் இருந்த இடத்தில் ஊர் இருந்தது. ஆறும் அங்கேயே இருந்தது.

இங்கே பெருவெள்ளம் வரும் என்று விராட்ஜுரி மக்கள் முதலிற் குடியேறியவர்களை எச்சரித்தார்கள் என்பர். அந்தச் சொல் ஏறவில்லை. 1844ஆம் ஆண்டிலே வெள்ளம் வந்தது. அதன்பின் ஊரவர்க்கும் அச்சம் பிறந்தது. தாழ்நிலத்திலே தாம் வாங்கிய காணிகளுக்கு மாற்றாக மேட்டுக்காணி தரும்படி அரசாங்கத்தைக் கேட்டார்கள். அரசாங்கம் இசையவில்லை. இப்படியாக, நிலத்தை அறிந்தவன் சொன்னதைக் குடியேறியவன் கேட்கவில்லை. குடியேறியவன் சொன்னதை ஆண்டவன் கேட்கவில்லை. கேளாமை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கட்டடமாக அந்த ஊர் எட்டாண்டு காலம் நின்றது.

1852ஆம் ஆண்டு யூன் மாதம். அந்நாட்டிலே அது குளிர்காலம். மழை விடாது பெய்தது. 24ஆந் திகதி ஆறு ஏறத் தொடங்கிற்று. 1844இல் வந்த வெள்ளத்தை வீட்டுப் பரணிலே ஏறியிருந்து கழித்தவர்கள், இம்முறையும் அவ்வாறே கழிக்கலாம் என்று எண்ணினார்கள். பொருள்களைப் பரணிலே ஏற்றினார்கள், பிள்ளைகளை ஏற்றினார்கள், தாமும் ஏறினார்கள். வெளியேறுவதற்கு நேரம் இருந்தபோது மனம் இருக்கவில்லை. மனம் வந்தபோது வழி இருக்கவில்லை. மீட்கச் சென்ற படகு பெருக்கிலே அகப்பட்டுக் கவிழ்ந்தது. அன்றிரவும் மறுநாளும் ஆறு ஊருக்குள்ளே ஓடவில்லை. ஊரே ஆற்றுக்குள்ளே நின்றது. வீடுகள் அடித்தளத்தோடு பெயர்ந்தன. தப்பியவர்கள் கூரைகளையும் மரக்கிளைகளையும் பற்றிக்கொண்டு இருளிலே கூவினார்கள்.

அப்பொழுது அந்த ஊரிலே இருந்தோர் ஏறத்தாழ 250 பேர். அவர்களுள் எண்பது பேரளவில் மாண்டனர். மூவரில் ஒருவர் என்பது பொருத்தமான கணக்கு. கட்டடங்கள் 71 அழிந்தன. அவுஸ்திரேலியாவின் எழுதப்பட்ட சரித்திரத்திலே இத்தனை உயிரைக் கொண்ட வெள்ளம் வேறில்லை என்பர்.

எஞ்சியவர் எவ்வாறு எஞ்சினர்? இங்கேதான் அந்தச் சிலையிலே நிற்கும் இருவரும் வருகின்றனர்.

ஒருவன் பெயர் யாரி. மற்றவனை ஜாக்கி ஜாக்கி என்றார்கள். பின்னது குடியேறியோர் இட்ட பெயர். பழங்குடி ஆடவர் பலருக்கும் பொதுவாக இட்டுவிட்ட பெயர். அவனைப் பெற்றவள் அழைத்த பெயர் அதன் கீழே புதைந்துபோயிற்று. நெட்டை ஜிம்மி என்று அழைக்கப்பட்ட ஒருவனும் பிறரும் இம்மீட்புப் பணியில் உடனிருந்தனர். அனைவரும் விராட்ஜுரி மக்கள்.

யாரியிடம் இருந்தது மரப்பட்டைத் தோணி. அதனை அம்மக்கள் செய்யும் முறை அறியத் தக்கது. வளைந்து வளர்ந்த பெரிய யூக்கலிப்டஸ் மரத்தைத் தேர்ந்து, அதன் பட்டையை ஒரே தகடாக, கிழியாமல் உரித்தெடுப்பார்கள். தீயிலே வாட்டி மென்மையாக்கி, இரு முனைகளையும் ஒடுக்கிக் கட்டுவார்கள். நடுவே குச்சிகளைக் குறுக்கே கொடுத்து வாய் மூடாமல் விரித்து வைப்பார்கள். ஆணியில்லை; பலகையில்லை. உரித்த மரம் பட்டுப்போவதுமில்லை. தோணியின் வடிவத்தைத் தழும்பாகத் தன் உடலிலே தாங்கிக்கொண்டு நெடுங்காலம் நிற்கும். அத்தகைய தழும்பு மரங்கள் அந்நாட்டு ஆற்றங்கரைகளிலே இன்றும் உள்ளன.

அமைதியான நீரிலே மீன்பிடிக்க அமைந்த தோணி அது. செலுத்துபவனைத் தவிர இன்னும் ஒருவரையே ஏற்றலாம். அதனைக்கொண்டு யாரி, வேரோடு பெயர்ந்த மரங்கள் உருண்டுவரும் வெள்ளத்திலே புறப்பட்டான். நீரோட்டத்தை எதிர்க்காமல், அதன் போக்கை அறிந்து, மேலே இருந்து இறங்கி, கூரையோடு அணைந்து, ஒருவரை ஏற்றிக் கரையிலே விட்டான். மீண்டும் போனான். மீண்டும் ஒருவர். மீண்டும் போனான். இவ்வாறு அவன் மீட்டவர் 49 பேர் என்பது அவ்வூரிலே வழங்கும் கணக்கு. ஜாக்கி ஜாக்கி சற்றுப் பெரிய ஓடத்தைக்கொண்டு 20 பேரை மீட்டான் என்பர். இரண்டையுங் கூட்டினால் 69. அந்த ஊரிலே உயிர் தப்பியவருள் ஒரு பெரும் பகுதியினர், தாம் எவருடைய நிலத்திலே வீடு கட்டினார்களோ அவர்களுடைய கையினாலே கரை சேர்ந்தார்கள்.

அடுத்த ஆண்டும், 1853இலே, மற்றொரு பெருவெள்ளம் வந்தது. அதன் பின்னரே ஊர் அசைந்தது. ஆற்றுக்கு வடக்கே பர்னாசஸ் குன்றின் சரிவிலும், தெற்கே எதிர்ச்சரிவிலும் வீடுகள் எழுந்தன. பழைய ஊர் இருந்த தாழ்நிலம் மீண்டும் புல்வெளி ஆயிற்று.

இந்த இடத்திலே கிரேக்கர் கதையொன்று என் நினைவுக்கு வருகின்றது. மனிதரின் தீமை கண்டு சினந்த தேவர்கோன் உலகை வெள்ளத்தால் மூடினான். டியூகாலியன் என்பவனும் அவன் மனைவி பிர்ராவும் மாத்திரம் மிதந்து சென்று ஒரு மலைமேற் கரையேறினார்கள். அந்த மலை எது? பர்னாசஸ். அந்தக் கதையை இலத்தீன் மொழியிலே விரித்துப் பாடிய புலவர் யார்? ஓவிட். அவர் பெயரால் அவ்வூரில் ஒரு வீதி உண்டு என்று முன்னரே சொன்னேன். குன்றுக்குப் பெயர் சூட்டிய கல்விமான் பழங்கதையை எண்ணினானோ இல்லையோ, கதை நடந்தே விட்டது. வெள்ளத்துக்குத் தப்பியவர்கள் பர்னாசஸ் ஏறினார்கள். ஆனால், கிரேக்கர் கதையிலே தேவர் அருளால் உயிர் தப்பியவர் இருவர். கண்டகாயிலே அருள் செய்தவன் தேவனல்லன். கையிலே துடுப்பு வைத்திருந்த மனிதன். அந்த ஊரின் கவிஞர் வரிசையோ ஐரோப்பாவோடு தொடங்கி ஐரோப்பாவோடு முடிந்துவிட்டது.

ஊரவர் அந்த மனிதனுக்கு என்ன செய்தார்கள்? செய்ந்நன்றியறிதலுக்கு வள்ளுவர் தனியதிகாரம் வகுத்த மொழியிலே எழுதுகிறேன் ஆதலின், இதைக் கேளாமல் அப்பாற் செல்ல இயலவில்லை.

ஊரவர் முற்றாக மறந்தாரல்லர். மீட்டவர்களுக்கு வெண்கல மார்புத் தகடுகள் அளித்தார்கள். பிறை வடிவினதாய், பெயர் பொறித்துக் கழுத்திலே தொங்கவிடும் தகடு அது. யாரியின் தகடு கண்டகாய் நூதனசாலையிலே பேணப்பட்டது. அன்றியும், அவர்கள் ஊரவர் எவரைக் கண்டாலும் ஆறு பென்ஸ் நாணயம் ஒன்று கேட்டுப் பெறலாம் என்றும் வழங்கினார்கள். இதனை நன்றி என்று சொல்வதா? நன்றிதான். ஆயினும் எண்ணிப் பாருங்கள். தன் முன்னோர் நிலத்திலே, தான் உயிர் கொடுத்தவனிடத்திலே, கை நீட்டி ஆறு பென்ஸ் கேட்கும் உரிமை! நிலத்தைத் திருப்பித் தருவது எவர் நினைவிலும் வந்த செயலன்று. யாரி 1880ஆம் ஆண்டிலே கண்டகாயில் இறந்தான்.

அவன் இறப்பதற்கு முந்திய ஆண்டு, 1879 நவம்பரிலே, அப்பகுதியில் வேறொரு செய்தி எழுந்தது. கப்டன் மூன்லைற் என்று தன்னை அழைத்துக்கொண்ட அன்று ஸ்கொட் என்னும் கொள்ளைக்காரன், வண்டபாட்ஜரி என்ற பண்ணையைக் கைப்பற்றிப் பொலிஸாரோடு போரிட்டான். அவனுடைய நண்பன் நெஸ்பிற் அதிலே மாண்டு கண்டகாயில் அடக்கம் செய்யப்பட்டான். ஸ்கொட் 1880 சனவரியிலே சிட்னியில் தூக்கிலிடப்பட்டான். நண்பனோடு கிடக்கவேண்டும் என்பது அவன் இறுதி விருப்பம். 1995ஆம் ஆண்டிலே அவன் எலும்புகள் சிட்னியிலிருந்து கொண்டுவரப்பட்டுக் கண்டகாய் மயானத்திலே இடப்பட்டன. ஒரு கொள்ளைக்காரனின் விருப்பத்தை நூற்றுப் பதினைந்து ஆண்டு சென்ற பின்னும் நிறைவேற்றும் அளவுக்கு இரக்கம் உள்ள நாடு அது. இதனை இகழ்ச்சியாகச் சொல்லவில்லை. நினைவு என்பது எவர்பால் விரைந்து செல்கிறது, எவர்பால் தயங்கிச் செல்கிறது என்பதைக் காட்டவே சொன்னேன்.

ஊர் வளர்ந்தது. 1867ஆம் ஆண்டிலே ஆற்றின் மேல் இளவரசர் அல்பிரெட் பெயரால் இருப்புப்பாலம் அமைந்தது. தாழ்நிலத்தை வெள்ளக் காலத்திலும் கடப்பதற்காக நீண்ட மரப்பாலத் தொடர் அதனோடு இணைந்தது. 1886இலே புகையிரதம் வந்தது. 1903இலே அது தியூமட் வரை நீண்டபோது மற்றொரு மரப்பாலத் தொடர் எழுந்தது. பழைய ஊர் கிடந்த புல்வெளிக்கு மேலே மரக்கால்களை ஊன்றி இரண்டு நெடும்பாலங்கள் நடந்து சென்ற காட்சியைப் படங்களிலே கண்டேன். ஆற்றை வெல்ல முடியாது, அதற்கு வழிவிட்டு மேலே செல்லவேண்டும் என்ற பாடத்தை ஊர் கற்றுக்கொண்டதற்கு அவை சாட்சி. 1977இலே புதிய பெருஞ்சாலைப் பாலம் திறந்தபின் போக்குவரத்து ஊரை விட்டு விலகிற்று. 1984இலே வெள்ளத்தின் சேதத்தோடு புகையிரதமும் நின்றது. முதிர்ந்து தளர்ந்த வீதிமரப்பாலம் 2021இலே அகற்றப்பட்டது. மேலே பரிஞ்சக், புளோவரிங் என்னும் அணைகள் ஆறுகளைத் தடுக்கின்றன. ஆயினும் 1974இலும் 2012இலும் ஆறு தன் பழைய நிலத்தை வந்து பார்த்துச் சென்றது.

இத்தனை சரித்திரம் உடைய ஊரை அவுஸ்திரேலியர் எதனால் அறிவர்? பாட்டினால் அறிவர். மாட்டுவண்டி ஓட்டியவர்கள் அத்துறையைப் பற்றிப் பாடிய நாட்டார் பாடல்கள் பல. அவற்றுள் ஒன்றிலே, வண்டி சேற்றிலே புதைந்து, நுகம் முறிந்து, எல்லாத் துன்பமும் அடைந்த வண்டிக்காரனின் நாய், இறுதியாக அவனுடைய சாப்பாட்டுப் பெட்டியின் மேல் ஏறிக் குந்துகிறது. பழைய வடிவத்திலே நாய் செய்த காரியம் குந்துவதினும் மோசமானது என்பர்; பத்திரிகைக்கு அது வேண்டாம். 1922ஆம் ஆண்டிலே மெல்பேணைச் சேர்ந்த ஜாக் ஓஹேகன் என்பவர் கண்டகாய்க்குச் செல்லும் பாதையைப் பற்றி ஒரு பாட்டு இயற்றினார். நாடெங்கும் அதைப் பாடினார்கள். இயற்றியபோது அவர் அந்த ஊரைக் கண்ணாற் கண்டவரல்லர்! 1932 நவம்பர் 28ஆந் திகதி, ஊரிலிருந்து ஐந்து மைல் தூரத்திலே, சாப்பாட்டுப் பெட்டியின் மேல் இருக்கும் நாய்க்கு வெண்கலச் சிலை எடுத்தார்கள். அதனைச் செய்தவர் பிராங்க் ரஸ்கோனி. 20,948 பளிங்குத் துண்டுகளை இருபத்தெட்டு ஆண்டு இணைத்து மாளிகை வடிவமொன்று சமைத்த பொறுமைசாலி. சிலையைத் திறந்து வைத்தவர் நாட்டின் பிரதமர் ஜோசப் லயன்ஸ். அங்கே விழும் காசு ஊர் ஆசுபத்திரிக்குப் பயன்பட்டது.

நல்ல காரியம், நாயும் நல்ல நாய். அதன்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் கணக்கு ஒன்று மனத்தை உறுத்துகிறது. நாய்க்குச் சிலை 1932இலே. யாரிக்கும் ஜாக்கி ஜாக்கிக்கும் சிலை 2017 யூன் மாதத்திலே. இடையே எண்பத்தைந்து ஆண்டுகள். வெள்ளத்திலிருந்து எண்ணினால் நூற்று அறுபத்தைந்து. பாட்டிலே ஏறியது முன்னே போயிற்று. பாட்டிலே ஏறாதது பின்னே நின்றது.

இலக்கியம் கற்பிப்போர் இதனைச் சிறிது சிந்திக்க வேண்டும் என்பது என் எண்ணம். நடந்தவை எல்லாம் தாமே சரித்திரம் ஆவதில்லை. ஒருவர் சொல்ல, ஒருவர் பாட, ஒருவர் பிள்ளைக்குக் கற்பிக்க, அப்படியே அவை சரித்திரம் ஆகின்றன. ஹோமருக்கும் வேர்ஜிலுக்கும் தெருக் கொடுத்த ஊரிலே அவர்கள் பாடியதற்குச் சற்றும் குறையாத காவியம் நடந்தது. அதனைப் பாடும் புலவன் வாய்க்கவில்லை. ஆயினும் விராட்ஜுரிக் குடும்பங்களின் வாய்மொழியிலும், கரையேறியவர் வழியினர் சிலரின் நினைவிலும் அது அணையாமல் இருந்தது. அந்தச் சிறு நெருப்பிலிருந்தே 2017இன் வெண்கலம் வார்க்கப்பட்டது என்று கொள்ளவேண்டும்.

ஊர் திரும்பியபின் இக்கதையை என் வகுப்பிலே சொன்னேன். ஆண்டு எழுதினேன்; ஆறு வரைந்தேன்; தோணி செய்யும் விதம் விளக்கினேன். வகுப்பு அமைதியாக இருந்தது. முடிவிலே ஒரு மாணவன் எழுந்தான்.

"ஐயா, நிலத்தைப் பறித்தவர்களை அவன் ஏன் காப்பாற்றினான்?"

முப்பதாண்டு ஆசிரியத் தொழிலிலே இத்தகைய வினாக்கள் சிலவே வந்துள்ளன. பதவுரையில் இதற்கு விடை இல்லை. உரையாசிரியர் எவரும் உதவுவதற்கில்லை. அந்த இரவைப் பற்றி எழுதி வைத்தவர்கள் கரையேறியவர்களும் அவர்களைச் சேர்ந்தவர்களுமே. எழுதுகோல் யாரியின் கையில் இருக்கவில்லை, துடுப்பே இருந்தது. ஆகவே மாணவனுக்கு நான் கணக்கு ஒன்றையே விடையாகச் சொன்னேன்.

"தம்பி, அவன் தோணியிலே ஒருமுறைக்கு ஒருவரே ஏறலாம். முதலாமவரைக் கரையிலே விட்டபோது, அவன் கடமை முடிந்தது என்று இருந்திருக்கலாம். பத்தாமவரை விட்டபோது கை சோர்ந்தது என்று இருந்திருக்கலாம். நாற்பத்தெட்டாமவரை விட்டபின்னும் திரும்பிப் போனான். ஏன் போனான் என்று என்னைக் கேட்கிறாய். ஒவ்வொரு முறையும் போனான் என்பதை மட்டும் நான் அறிவேன். அதை நீ மறவாதிருந்தால் போதும்."

அவன் அமர்ந்தான். விடை அவனுக்கு நிறைந்ததோ இல்லையோ தெரியாது. ஆனால் மறுநாள் அவன் கொப்பியின் பின்பக்கத்திலே ஒரு சிறு தோணி வரைந்திருக்கக் கண்டேன். அதிலே இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவன் துடுப்புப் பிடித்திருந்தான். அவனுக்கு மேலே யாரி என்று எழுதியிருந்தது. மற்றவருக்குப் பெயர் எழுதவில்லை.